பதினாலும் இருபத்தொன்றும் ஆஜர்

திருச்சி மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னை விசாரிக்க ஒரு செல் அமைத்துவிடுவார்கள். ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே ராகிங் தடுப்பு செல் இருக்கிறது, வேலைவாய்ப்பு செல் இருக்கிறது, பெண்கள் பாதுகாப்பு செல், தர உறுதி செல், தொழில்முனைவோர் செல், யோகா செல், மழைநீர் செல் எல்லாம் இருக்கின்றன. போன வருஷம் இத்தனை செல்களையும் ஒருங்கிணைக்க இன்னொரு செல் வந்தது. யார் யாரை ஒருங்கிணைப்பது என்ற தகராறில் அது சீக்கிரமே இரண்டாகப் பிரிந்தது. அந்தக் கல்லூரிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு நான் பார்த்த ஒரே அடையாளம் அதுதான்.

செல் என்றால் அங்கே குழு என்று அர்த்தம். ஒரு கன்வீனர், ஒரு துணைக் கன்வீனர், கதவில் ஒரு போர்டு, கூட்டம் நடந்தால் பஜ்ஜி, நடக்காவிட்டாலும் நடந்ததாக மினிட்ஸ். டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தால் எடுத்துக் காட்ட ஒரு ஃபைல். மதிப்பீட்டில் பொதுமக்கள் சேவைக்குத் தனி மதிப்பெண் உண்டு என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்னதால், இந்த வருஷம் வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். ‘மூலக்கூறு மற்றும் உயிரணு உயிரியல். பொதுமக்களுக்கான அடிப்படை வகுப்பு. சனிக்கிழமைதோறும். அனுமதி இலவசம்.’

அந்தப் பேனரை நிஜம் என்று நம்பி வந்தவள் மாதுரி.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. வேலை கன்டோன்மென்ட்டில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில். படித்தது காமர்ஸ். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள், அதுவும் தவளைப் படம் வரைய வராமல். அவளுக்கு மூன்று முறை கரு தங்காமல் போயிருந்தது. முதல் தடவை அழுதாள். இரண்டாம் தடவை கொஞ்சம் குறைவாக அழுதாள். மூன்றாம் தடவை அழவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்விட்டாள். எவ்வளவு தைரியம் பாருங்கள் என்று எல்லோரும் மெச்சினார்கள். தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபிறகு கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி அவளுக்கு உடம்பு முழுக்க இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

புத்தூரில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார். “உங்க செல்லுல பதினாலாம் குரோமோசோமும் இருபத்தொண்ணாம் குரோமோசோமும் ஒட்டிக்கிட்டிருக்கும்மா. உங்களுக்கு அதால ஒண்ணும் தொந்தரவு இல்ல. கரு உண்டாகறப்பதான் கணக்குத் தப்பிப் போகுது. மறுபடி அப்படியே முயற்சி பண்றீங்களா, இல்ல வெளியில கருவை உண்டாக்கிச் சோதிச்சு வைக்கலாமா, ரெண்டு பேரும் யோசிச்சு வந்து சொல்லுங்க.” அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் மாமியார் கேட்டுக்கொண்டார். “நம்மாத்துல யாருக்கும் இப்படி இல்லையே” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொத்தவரங்காய் நறுக்கும்போது, விளக்கேற்றும்போது, யாரிடமாவது போனில் பேசும்போது, தினம் ஒரு தடவை சொன்னார். கணவன் லக்ஷ்மிகாந்த் சாது. “நீ என்ன சொல்றியோ அதான்” என்றான். நல்லவர்கள் தப்பித்துக்கொள்ள இதைவிட வசதியான வாக்கியம் தமிழில் கிடையாது.

டாக்டருக்கு என்ன பதில் சொல்வது என்று மாதுரிக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் அவளுக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. அந்தப் பதினாலும் இருபத்தொன்றும் ஒட்டிக்கொண்டதில் தன் தப்பு ஏதாவது உண்டா? எதைச் சாப்பிட்டேன், எந்த மாத்திரையைப் போட்டேன், எங்கே விழுந்தேன்? இது தெரியாமல் இன்னொரு தடவை ஆரம்பிக்க அவளால் முடியாது. அதனால்தான் அந்தப் பேனரைப் பார்த்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பெயர் கொடுத்தாள்.

முதல் சனிக்கிழமை வாட்ச்மேன் நிறுத்தினார். “செல் இருக்கா?”

“செல் கிளாஸுக்குத்தான் வந்திருக்கேன்.”

“அதான்மா. செல்லை இங்க குடுத்துட்டுத்தான் செல்லுக்குப் போகணும். உள்ள செல்லுக்கு அனுமதி இல்ல.”

போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை, பூச்செண்டு எல்லாம் தயார். பின்னால் ‘மாலிகுலர் செல் தொடக்க விழா’ என்று எழுதியிருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் செல் தொடக்க விழாவுக்கு ஒரே ஒரு மாதிரிதான் இருந்தது, அதில் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். அவர்களில் கைலாசபுரத்து பெஞ்சமின் என்பவர் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்க வேண்டாம் என்று மனைவி அனுப்பிவைத்திருந்தார். நாற்காலிகளை நிரப்ப மற்ற செல்களின் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதல்வர் இருதயநாதன் பேசினார். அவர் பொருளாதாரம் படித்தவர்.

“மனுஷ உடம்பிலே கோடிக்கணக்கான செல் இருக்குன்னு நம்ம பேராசிரியர் ஜெபராஜ் சொன்னார். அத்தனைக்கும் கன்வீனர் யாருன்னு கேட்டேன். சிரிச்சார். இது சிரிக்கிற விஷயமா? கோடிக்கணக்கான செல், ஒரு மினிட்ஸ் கிடையாது, ஒரு கையெழுத்து கிடையாது. நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வந்தா உடம்பு எதை எடுத்துக் காட்டும்? இன்னொண்ணு சொல்றேன். உடம்புல தினமும் செல் சாகுதாம். நம்ம கல்லூரியில இத்தனை வருஷத்துல ஒரு செல் செத்ததில்ல. வேலை செஞ்சாத்தானே சாகும்? அந்த ரகசியத்தை நாம கண்டுபிடிச்சிருக்கோம். விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கல.”

கைதட்டினார்கள். மாதுரியும் தட்டினாள். தன் கை தட்டுவது வேறு யாரோ தட்டுவது போல் இருந்தது.

பாடம் எடுத்தவர் ஜெபராஜ். ஒரு காலத்தில் அவருக்கு உயிரியல் தெரியும் என்று சொல்கிறார்கள். இப்போது பாதி செல்களுக்கு அவர்தான் கன்வீனர், மீதிப் பாதிக்குத் துணைக் கன்வீனர். முதல் சில வாரங்கள் செல்லைக் கண்டுபிடித்தவர் யார், எந்த வருஷம், எந்த நாட்டில் என்று எழுதச் சொன்னார். தக்கையைச் சீவி லென்ஸ் வழியாகப் பார்த்தபோது குட்டிக் குட்டி அறைகள் தெரிந்தன என்று எழுதினார்கள். அந்த அறைகளெல்லாம் செத்துப்போனவை, காலி அறைகள் என்றும் எழுதினார்கள். மாதுரி அடிக்கோடு போட்டாள்.

பிறகு மைக்ராஸ்கோப் வந்தது. அது பீரோவிலிருந்து வெளியே வருவது வருஷத்துக்கு ஒரு தடவை, சரஸ்வதி பூஜைக்கு மட்டும். அதற்கு வருஷா வருஷம் பயபக்தியோடு சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வைப்பதற்கு வாகான இடம் லென்ஸ். வெங்காயத்தோலை வைத்துவிட்டு முதலில் பெஞ்சமின் குனிந்து பார்த்தார். “சார், ரத்தமா இருக்கு சார்!” என்று அலறினார். ஜெபராஜும் பார்த்தார். என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அதற்குள் முதல்வர் போட்டோகிராபரோடு வந்துவிட்டார். முதல்வர் குனிந்து பார்த்து, “அருமை. செல் செவப்பாத்தான் இருக்கும்னு நான் நெனச்சேன்” என்றார். ஜெபராஜ் சாயம் ஏற்றப்பட்ட உயிரணு என்று போர்டில் எழுதினார். எல்லோரும் ரெக்கார்டு நோட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வரைந்து, அம்புக்குறி போட்டு, உட்கரு என்று எழுதினார்கள். மாதுரியின் படத்துக்கு ‘நன்று’ கிடைத்தது.

ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் வேறு மாதிரி இருந்தது. அன்று ஜெபராஜ் என்ன நினைத்தாரோ, நோட்ஸை மூடி வைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தார். பெரிய வட்டம் போட்டார். உள்ளே நூல் நூலாக வரைந்தார். “அம்மாகிட்டேருந்து இருபத்துமூணு, அப்பாகிட்டேருந்து இருபத்துமூணு. முட்டை உண்டாகறப்போ ஜோடி ஜோடியா பக்கத்துல வந்து நிக்கும். அப்புறம் பிரியும். எது எந்தப் பக்கம் போகும்னு யாரும் சொல்ல முடியாது” என்றார். அவர் குரல் மாறியிருந்தது. கையெல்லாம் சுண்ணாம்பு. நூல்களுக்கு எண் போட ஆரம்பித்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மாதுரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது. பதிமூன்று போட்டபோது பியூன் வந்து, மழைநீர் செல் கூட்டத்துக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றார். ஜெபராஜ் போர்டை அழித்தார். அடுத்த வாரம் மறுபடி தக்கைக்குப் போய்விட்டார்.

அந்தத் தக்கை வகுப்பு முடிந்ததும் மாதுரி அவரை வராந்தாவில் பிடித்தாள்.

“சார், ஒரு சந்தேகம்.”

“சந்தேகமெல்லாம் கடைசி வாரம்மா. கடைசி வாரத்தை அதுக்குன்னே ஒதுக்கியிருக்கு. இப்ப வந்த சந்தேகத்தைப் பத்திரமா வெச்சிருங்க.”

“பாடத்துல இல்ல சார். எனக்கே குரோமோசோம்ல ஒரு குறை.”

ஜெபராஜ் நின்றார். “என்ன சொன்னீங்க?”

“ஒரு குறை இருக்கு சார்.”

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லூரியில் குறைதீர்ப்பு செல் என்று ஒன்று உண்டு, அதற்கும் ஜெபராஜ்தான் கன்வீனர். அதற்கு இதுவரை ஒரு குறைகூட வந்ததில்லை. குறை சொல்லும் மாணவர்களுக்கு இன்டர்னல் மார்க் குறைந்துவிடும், அதனால் யாரும் சொல்வதில்லை. குறையே இல்லாத கல்லூரி என்று முதல்வர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மதிப்பீட்டுக் குழுவின் படிவத்தில் ‘பெறப்பட்ட குறைகள்’, ‘தீர்க்கப்பட்ட குறைகள்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. காலியாக விட்டால் மதிப்பெண் போய்விடும். குழு இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது. ஒரு குறைக்காகக் கல்லூரியே ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாதுரி அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“எழுதிக் குடுங்கம்மா” என்றார் ஜெபராஜ். கிட்டத்தட்டக் கெஞ்சினார். “குறைன்னு தலைப்புப் போட்டு எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்தா விசாரிச்சுப் பதில் சொல்லியே ஆகணும். அது விதி.”

பதில் என்ற ஒரு சொல்தான் மாதுரியின் காதில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ‘பதினாலும் இருபத்தொன்றும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதனால் எனக்கு மூன்று முறை இழப்பு ஏற்பட்டுவிட்டது. இதில் என் தவறு ஏதாவது உண்டா என்று தெரிவிக்கவும்.’

ஜெபராஜ் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. அத்தனை செல்களுக்குக் கன்வீனராக இருப்பவர் படிக்க ஆரம்பித்தால் எங்கே முடிப்பது? முதல்வர்தான் படித்தார். படித்தவருக்கு முகம் சிவந்தது.

அந்தக் கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. கேன்டீனில் நடுவே தட்டி கட்டியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ரோல் நம்பர் பதினாலும் ரோல் நம்பர் இருபத்தொன்றும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள், அதுவும் வெளியிலிருந்து வந்த ஒரு பெண்மணி சொல்லும் அளவுக்கு! ‘ஒட்டிக்கொண்டிருக்கின்றன’ என்று அஃறிணையில் எழுதியிருந்ததை, அந்த அம்மாள் வெறுத்துப்போய் எழுதியது என்று முதல்வர் எடுத்துக்கொண்டார். எந்த வகுப்பு என்று எழுதவில்லை. அதனால் எல்லாத் துறைகளிலிருந்தும், எல்லா வகுப்புகளிலிருந்தும், பதினாலையும் இருபத்தொன்றையும் அழைத்து வரச் சொல்லி சர்க்குலர் போனது.

விசாரணை நாளில் முதல்வர் அறைக்கு வெளியே வராந்தா கொள்ளாமல் நின்றார்கள். மாதுரி உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு இத்தனை பிள்ளைகள் என்று அவளுக்குப் புரியவில்லை, ஆனால் அந்தக் கல்லூரியில் எதுவும் புரிந்ததில்லை என்பதால் கேட்கவில்லை. முதல் ஜோடி உள்ளே வந்தது. மைக்ரோபயாலஜியில் இரண்டாம் ஆண்டு, கோபு, லிசி.

“எத்தனை நாளா நடக்குது இது?” என்றார் முதல்வர்.

“எது சார்?” என்றான் கோபு.

“ஒட்டறது.”

லிசிக்குக் கண் கலங்கிவிட்டது. “சார், சத்தியமா எனக்கு இவங்க பேருகூடத் தெரியாது சார்.”

“எனக்கும் இப்பத்தான் சார் தெரியும், லிசின்னு.”

“பாத்தீங்களா?” என்று முதல்வர் குறைதீர்ப்பு செல்லின் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். “பேர் தெரிஞ்சுக்கிட்டாங்க. இப்படித்தான் ஆரம்பிக்கும். எழுதிக்கோங்க.”

அடுத்து கணிதத்துறை வந்தது. பதினாலும் இருபத்தொன்றும் அண்ணன் தம்பி, இரட்டைப் பிள்ளைகள். “ஒரே வீடு சார்” என்றார்கள். “வீட்டுல ஒட்டிக்கோங்க, கல்லூரியில ஒரு பெஞ்ச் தள்ளி உக்காருங்க” என்று தீர்ப்பாயிற்று. வரலாற்றுத்துறையில் இருபத்தொன்று போன வருஷமே டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தது, பதினாலு மட்டும் தனியாக வந்து நின்றது. “யாரோட ஒட்டினே?” என்று அதையும் விடவில்லை. இப்படியே எல்லாத் துறைகளும் முடிந்தபிறகு முதல்வர் மாதுரியின் பக்கம் திரும்பினார்.

“தைரியமா சொல்லுங்கம்மா. இதுல யாரு?”

“இவா யாரும் இல்ல சார்” என்றாள் மாதுரி. “அது என் உடம்புல இருக்கறது.”

ஜெபராஜ் மனுவை எடுத்து அப்போதுதான் முதல்தடவையாகப் படித்தார். படித்து முடித்தவர் மாதுரியை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போய் முதல்வரின் காதில் ரொம்ப நேரம் சொன்னார். முதல்வர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. விசாரணை நடந்துவிட்டது, பிள்ளைகளின் கையெழுத்தெல்லாம் வாங்கியாயிற்று, அடுத்த வாரம் டெல்லிக் குழு வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

“அப்ப எதிர்த்தரப்பு இங்க ஆஜராகலையா?” என்று கேட்டார்.

“ஆஜர்தான் சார்” என்றார் ஜெபராஜ் தணிந்த குரலில். “இவங்களுக்குள்ளயே இருக்கு.”

“அப்ப சரி. பதினாலும் இருபத்தொண்ணும் ஆஜர்னு போட்டுக்கோங்க.” பிறகு மாதுரியிடம், “அதுங்க ஏன் ஒட்டிச்சுன்னு இந்தக் குழுவுக்குத் தெரியலைம்மா. அது எங்க அதிகாரத்துக்குள்ள வரலை. ஆனா மனுன்னு வந்தா முடிவு சொல்லாம விடறதில்ல. வாசிக்கிறேன், கேட்டுக்கோங்க.”

முடிவு ஏற்கெனவே டைப் ஆகித் தயாராக இருந்தது. அங்கே எந்த விசாரணைக்கும் முடிவு ஒன்றுதான். லேப்பில் தீப்பிடித்தபோதும் அதுதான், கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்தபோதும் அதுதான். அப்போது பல்லியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். யார் மேலாவது தப்பு என்று எழுதினால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள் அல்லவா? முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“தீர விசாரித்ததில், இந்த விஷயத்தில் மனுதாரர் மீதோ, பதினாலின் மீதோ, இருபத்தொன்றின் மீதோ, நிர்வாகத்தின் மீதோ எந்தத் தவறும் இல்லை என்று இக்குழு ஒருமனதாக முடிவு செய்கிறது.”

மாதுரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு வாக்கியத்தை டாக்டரம்மா அவளிடம் சொல்லவில்லை, அவருக்கு நேரம் இல்லை. மாமியார் சொல்லவில்லை. லக்ஷ்மிகாந்துக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் இல்லை. அர்த்தம் தெரியாமல், ஃபைலுக்காக, பல்லிக்குச் சொன்ன அதே குரலில் முதல்வர்தான் முதலில் சொன்னார். மாதுரிக்கு அழுகை வந்தது, மூன்று தடவைக்கும் சேர்த்து வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் சத்தம் வெளியே கேட்டது. வராந்தாவில் பதினாலுகளும் இருபத்தொன்றுகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘மனுதாரர் திருப்தி’ என்று போடுவதா, ‘மனுதாரர் அதிருப்தி’ என்று போடுவதா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். ஜெபராஜ் தண்ணீர் டம்ளரை மாதுரியின் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னம்மா, முடிவுல ஏதாவது ஆட்சேபம் இருக்கா?” என்றார் முதல்வர்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை படிக்கிறேளா சார்?”

இத்தனை வருஷத்தில் அவர் வாசித்த எதையும் மறுபடி வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முதல்வர் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார்.